விளக்கில்லாமல் பத்தொன்பது வளைவு

பூனையண்ணனின் கண்ணைப் பற்றிச் சொல்வதானால், அமாவாசை இருட்டில் கரும்பாறை மேல் ஊரும் கட்டெறும்பைப் பத்தடி தள்ளி நின்றே பார்த்துவிடுவார். பார்ப்பதோடு விடமாட்டார், அதன் ஆறு கால்களில் எது நொண்டுகிறது என்பதையும் சொல்லிவிடுவார். சரி, நொண்டிக்கால் கொஞ்சம் உப்புக் காரம் தூவிச் சொன்னது. எறும்பும் தூவியதுதான். முயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலவே இல்லாத இரவில் நடுச்சாலையில் உட்கார்ந்திருந்த சாம்பல் நிற முயலுக்காக அவர் வண்டியை நிறுத்தினார் என்பதற்கு உள்ளே இருந்த ஒன்பது பேர் சாட்சி. அந்த ஒன்பது பேருக்கும் வண்டி நின்று, முயல் புதருக்குள் சரசரவென்று ஓடிய பிறகுதான் அங்கே முயல் இருந்ததே தெரிந்தது.

அன்றிலிருந்து அவர் பூனை. வயதில் சின்னவர்களுக்குப் பூனையண்ணன். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

அவருடைய வேலை இதுதான். மலை உச்சியில் ஒரு வானாய்வகம். வெள்ளைக் குவிமாடங்கள் மூன்று. மாதம் ஒரு முறை, நிலவில்லாத சனிக்கிழமையில், வெளியாட்கள் வந்து வானத்தைப் பார்க்கலாம். வருகிறவர்கள் தங்கள் கார்களைக் கீழ்க் கேட்டிலேயே விட்டுவிட வேண்டும். அங்கிருந்து உச்சி வரை மூன்று கிலோமீட்டர், பத்தொன்பது வளைவு. அந்த மூன்று கிலோமீட்டருக்கும் முகப்பு விளக்கு போடக் கூடாது என்பது சட்டம். மேலே பெரிய தொலைநோக்கி வாயைத் திறந்துகொண்டு, எங்கோ இருக்கும் ஒரு மினுக்கலை மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு காரின் வெளிச்சம் மாடத்தின் மேல் பட்டால், அன்றைய இரவு முழுக்கப் பாழ். ஆகவே ஆய்வகத்தின் வேன் மட்டும், சின்ன விளக்கின் மேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறும். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் ஒன்றும் கிடையாது. ஒன்றும் கிடையாது என்பதற்கு அடையாளமாக, விளிம்பில் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள்.

அந்த வேனை முப்பத்தொரு வருடம் ஓட்டியவர் பூனையண்ணன்.

மலைக்கு வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. இரண்டாவது மாடம் கட்டச் சிமென்ட் மூட்டை சுமக்க வந்தார். ஜீப் ஓட்டுகிறவர் ஒருநாள் வயிற்று வலி என்று படுத்துக்கொள்ள, "எனக்கு ஓட்டத் தெரியும்" என்று முன்னால் வந்து நின்றார். தெரியாது. ஆனால் ஜீப் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, கீழேயும் வந்துவிட்டது. அதன்பின் யாரும் கேட்கவில்லை. பெரிய தொலைநோக்கிக்கு மூன்று ஆள் குறுக்களவில் கண்ணாடி வந்தபோது, அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனவரும் அவர்தான். முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு நாளில் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பார்கள். இரண்டு நாள் என்பது உண்மை. தண்ணீர் என்னவோ மூன்றாவது வளைவிலேயே அவர் மடியில் கொட்டிவிட்டது.

கல்யாணம் ஆகி மனைவி மலையேறி வந்த அன்று, ஊழியர் குடியிருப்பில் அவருக்குக் கொடுத்திருந்த இரண்டு அறை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் கசியாதபடி கெட்டிக் கறுப்புத் துணி. வாசல் கதவுக்கும் ஒரு கறுப்புத் திரை.

"இது வீடா, இல்ல போட்டோ கழுவுற ரூமா?" என்றாள்.

"பகல்ல திறந்து வச்சுக்கலாம்."

"அதான் பகல் முழுக்க நீங்க தூங்குவீங்களே."

அவளுக்கு ஆய்வகத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. பார்வையாளர் இரவுகளில், பெரிய ஃபிளாஸ்க் இரண்டில் தேநீரை நிரப்பி, கீழ்க் கேட்டிலிருந்து வேனின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். குளிரில் நடுங்கி வருகிறவர்களுக்கு மேலே போய்ச் சேர்ந்ததும் சூடாக ஒரு கோப்பை. அப்படியே இருபத்தாறு வருடம் அந்த முன் இருக்கையில் அவள் போய்வந்தாள். சாலை அவளுக்கும் மனப்பாடம்.

பூனையண்ணனுக்கு ஐம்பத்தைந்து நடக்கும்போது, விளிம்புக் கற்கள் மங்க ஆரம்பித்தன.

அவர் உடனே அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். சுண்ணாம்பில் தண்ணீர் கலந்து அடித்திருக்கிறார்கள், கல் தெரியவில்லை. ஆட்களை அனுப்பி மறுபடி அடித்தார்கள். அடுத்த மாதம் மறுபடி புகார். இந்த முறை நிர்வாக அதிகாரியே நேரில் வந்தார். நறுக்குத் தெறித்தாற்போலப் பேசும் பெண்மணி. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் நடப்பார்.

"போன மாசம்தானே அடிச்சோம்? பாருங்க, கையில ஒட்டுது."

"பகல்ல பார்த்தா நல்லாத்தான் இருக்கு மேடம். ராத்திரியில பளிச்சுன்னு இல்ல."

"உங்களுக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லி, மூன்றாவது முறையும் அடிக்கச் சொன்னார். பூனையின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த வருடம் மலையில் வேறு எதற்கும் இல்லாத மரியாதை அந்தக் கற்களுக்கு இருந்தது. மூன்று சட்டை போட்டுக்கொண்டு வெள்ளை வெளேரென்று நின்றன. அவருக்கு மட்டும் தெரியவில்லை.

பிறகு சிவப்புத் தாள் தடிமன் என்றார், மெல்லிசாக மாற்றினார்கள். பிறகு முன் கண்ணாடி கீறல் விழுந்துவிட்டது என்றார், அதையும் மாற்றினார்கள். மாற்றாமல் மிச்சம் இருந்தது அவருடைய கண் ஒன்றுதான். அதைப் பற்றி அவர் யாரிடமும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை.

பகலில் ஒரு குறையும் இல்லை. ஊசியில் நூல் கோப்பார். மாலை மயங்கினால் உலகத்தை யாரோ போர்வை போட்டு மூடிவிட்டதுபோல் ஆகிவிடும். வேனை மனக்கணக்கில் ஓட்டினார். ஆறாவது வளைவு தாண்டி நாற்பது எண்ணினால் ஏழாவது. ஏழிலிருந்து இருபத்தைந்து எண்ணினால் எட்டு. எண்ணிக்கொண்டே ஓட்டியதால் பேச்சு குறைந்தது. 'வயசாகுதில்ல, பக்குவம் வந்துடுச்சு' என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மனைவிக்கு விஷயம் பிடிபட்டது ஒரு மூடியால்.

பார்வையாளர்களுக்கென்று ஒரு சின்னத் தொலைநோக்கி முற்றத்தில் நிற்கும். அதை இயக்குகிறவர் ஒல்லியான இளைஞர். குளிருக்குக் கம்பளிக் குல்லா போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் குல்லாத் தம்பி. வந்தவர்கள் எல்லோரும் பார்த்து முடித்ததும், "பூனையண்ணே, வாங்க, நீங்களும் ஒரு பார்வை பாருங்க" என்று கூப்பிடுவது அவர் வழக்கம். பூனையண்ணனும் குனிந்து பார்த்து, "அடடா!" என்பார். முன்பெல்லாம் உண்மையான அடடா. இப்போது சில மாதங்களாக, உள்ளே கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாமலேயே அடடா.

அன்று பனி இறங்கியிருந்தது. குல்லாத் தம்பி குழாயின் முன்வாயை மூடியால் மூடிவிட்டுத் துடைக்கத் துணி எடுக்கப் போயிருந்தார். பூனையண்ணன் கூப்பிடாமலேயே வந்து குனிந்து கண்ணை வைத்தார்.

"அடடா! இன்னைக்கு என்னமா ஜொலிக்குது! தூசி மாதிரி, வாரி இறைச்ச மாதிரி!"

துணியோடு திரும்பி வந்த குல்லாத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, மூடி போட்டிருக்குண்ணே!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பூனையண்ணனும் சிரித்தார். நல்ல நகைச்சுவைக்காரர் என்று ஒருவர் முதுகில் தட்டினார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேலி பேசும்போது இடது புருவம் தானாக ஏறும். முப்பது வருடத்துக்குப் பக்கமாகப் பார்த்த புருவம். அன்று அது இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"சுண்ணாம்பைக் குறை சொல்லிட்டிருக்கீங்களே, அது."

அவர் உரித்த வெங்காயம் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு, "ஒரு வருஷம் இருக்கும்" என்றார்.

"ஒரு வருஷமா? பின்னாடி பத்துப் பன்னெண்டு பேரை உட்கார வச்சுக்கிட்டா? பக்கத்துல நான் வேற உட்கார்ந்திருக்கேன்! பொண்டாட்டி போனா போறான்னு விட்டுட்டீங்களா?"

"மெதுவாத்தானே போறேன்."

"மெதுவா விழுந்தா அடிபடாதா?"

"இன்னும் ரெண்டு வருஷம்டி. ஐம்பத்தெட்டு ஆனதும் தானா இறங்கிடுவேன். இப்ப சொன்னா வண்டியை வாங்கிக்குவாங்க. வண்டி போனா வீடு போகும்."

வீடு என்பது அவர் சொன்ன காரணம். சொல்லாத காரணம் வேறு. மலையில் படித்தவர்கள் முப்பது பேர். ஆளுக்கு இரண்டு பட்டம், மூன்று பட்டம். அவருக்கு இருந்த ஒரே பட்டம் பூனை. அதையும் கழற்றி வைத்துவிட்டு அந்தச் சாப்பாட்டு மேசையில் எந்த முகத்தோடு உட்காருவது?

அவள் நியாயமாக அன்றே அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. "ஒரு மாசம்தான், அதுக்குள்ள நீங்களே சொல்லிடணும்" என்றாள். அந்த ஒரு மாதம் பதினோரு மாதம் ஓடியது. அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். அவளுடைய உறவைப் பற்றிப் பேசினால் இடது பக்கம் திருப்ப வேண்டும். அவருடைய உறவைப் பற்றிப் பேசினால் வலது பக்கம். சாதாரண வளைவுக்கு அக்கா, தங்கை, மைத்துனர். கொண்டை ஊசி வளைவென்றால் பெற்றவர்கள். நேர்ச்சாலைக்குத் தேநீர், ஃபிளாஸ்க், சர்க்கரை.

"எங்க அக்கா இருக்காளே, சின்ன வயசுலேருந்தே பிடிவாதம்..." வண்டி இடது பக்கம் திரும்பும். "இந்த ஃபிளாஸ்க் மூடி சரியாவே இல்ல..." நேராகப் போகும். "உங்க தங்கச்சி மட்டும் என்ன, கல்யாணத்துக்கு வந்தவ ஒரு வார்த்தை பேசினாளா?" வலது. "உங்க அம்மா! உங்க அம்மா பண்ணினதை நான் மறக்கவே மாட்டேன்!" முழுக் கொண்டை ஊசி, வலது பக்கம்.

பத்தொன்பது வளைவுக்கும் இரண்டு குடும்பத்து அழுக்கும் வெளுக்கப்பட்டது. வலப்பக்க வளைவுகள் மூன்று அதிகம் என்பதால் அவருடைய குடும்பத்துக்குத்தான் சேதம் கூடுதல். நாளாக ஆக அவள் நிஜமாகவே மனதில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது பதில் பேச முடியாது. பார்வையாளர் புத்தகத்தில் ஒருவர் இப்படி எழுதிவிட்டுப் போனார்: 'வானம் அற்புதம். ஓட்டுநரின் பொறுமை அதைவிட அற்புதம்.'

பன்னிரண்டாவது மாதம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வெந்நீர், உப்புக் கொப்பளிப்பு, கழுத்தைச் சுற்றித் துணி. மாலை வரை பார்த்தார்கள். கிசுகிசுப்புக்கு மேல் குரல் எழவில்லை. எஞ்சின் சத்தத்தில் அது எந்த மூலைக்கு?

அவள் கையை ஆட்டி, தலையை ஆட்டி, போக வேண்டாம் என்றாள். அவர் ஜன்னல் துணியின் ஓரத்தை இழுத்து விட்டபடி நின்றார். "இன்னைக்குப் பெரிய தொலைநோக்கியில ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. இந்த ஒரு ராத்திரிக்கு ரெண்டு வருஷம் காத்திருந்தாங்களாம். கீழ பன்னெண்டு பேர் பணம் கட்டிட்டு நிக்கிறாங்க. நான் படுத்துக்கிட்டா வேற யாரு விளக்கில்லாம ஏத்துவா?"

அவள் தன்னைக் காட்டி, நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"தோள்ல தட்டு. ஒரு தட்டு தட்டினா இடது. ரெண்டு தட்டு வலது. அவ்வளவுதான். இந்த ஒரு தடவை."

இந்த ஒரு தடவை என்பது அந்த வீட்டில் பதினோரு மாதமாகப் புழங்கிய வார்த்தை.

வேன் கிளம்பியது. பன்னிரண்டு பேரில் ஒருவர் பல் டாக்டர். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டுக் கேள்வி கேட்டே பழகியவர்; பதில் வருகிறதா என்று பார்க்காமல் அடுத்ததற்குத் தாவினார். ஏன் சிவப்புத் தாள், பச்சைத் தாள் ஏன் இல்லை, நட்சத்திரம் ஏன் மினுக்குகிறது, இங்கே பாம்பு உண்டா? பூனையண்ணன் வழக்கம்போல் எண்ணிக்கொண்டிருந்தார். தோளில் தட்டு விழுந்தது, திரும்பினார். மறுபடி தட்டு, மறுபடி திரும்பினார். பதினொரு வளைவு ஒழுங்காகத் தாண்டியாயிற்று.

பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே நீளமான நேர்ச்சாலை. வானம் அங்கே அகலமாகத் திறக்கும். பல் டாக்டரின் கண்ணில் சிவப்பாக ஒன்று பட்டுவிட்டது. மரியாதையாகக் கேட்போம் என்று, முன்னால் குனிந்து ஓட்டுநரின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பூனையண்ணன் வலது பக்கம் திருப்பினார்.

மனைவியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் இரண்டு கையாலும் கைப்பிரேக்கைப் பிடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பி இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. முன்னால் ஏதோ ஒன்று கழன்றது. டொக்கென்று ஒரு சத்தம். சற்றுக் கழித்து இன்னொரு டொக். அதற்குப் பிறகு எவ்வளவு காது கொடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஓ, இங்கதான் நிறுத்துவீங்களா?" என்றார் பல் டாக்டர் மகிழ்ச்சியாக. "நல்ல இடம். வானம் பளிச்சுன்னு இருக்கு. நான் கேட்க வந்தது அந்தச் சிவப்பு நட்சத்திரம்..."

பின்னால் இருந்தவர்கள் கழுத்தை வளைத்து மேலே பார்க்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை. மனைவி சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கக் கதவு வழியாக இறங்கி, முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் எடுத்து, நேராக்கி, இன்னும் எட்டே வளைவு போனால் வேலை முடிந்தது. ஒரு கல் குறைந்ததை அடுத்த சுண்ணாம்புக்குத்தான் யாராவது கவனிப்பார்கள். அவளைத் தவிரச் சாட்சி கிடையாது. அவளுக்கோ குரல் கிடையாது. இதெல்லாம் அவர் மனதில் ஓடாமல் இல்லை. ஓடி முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, சாவியை எடுத்து மனைவியின் மடியில் வைத்தார்.

"எல்லாரும் இறங்குங்க. பாறைப் பக்கமா மட்டும் இறங்கணும். ஒருத்தர் பின்னால ஒருத்தரா, பாறையைத் தொட்டுக்கிட்டு நில்லுங்க."

"வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லா இருக்கு சார். நான்தான் ரிப்பேர். எனக்கு ராத்திரியில கண்ணு தெரியல."

பல் டாக்டரின் வாயிலிருந்து அன்று முதன்முறையாகக் கேள்வி வரவில்லை. யாரோ ஒரு பெண், "அப்ப இவ்வளவு தூரம்?" என்றார்.

"அதுக்குத்தான் இறங்கச் சொல்றேம்மா."

"லைட்டைப் போட்டு ஓட்டுங்களேன்" என்றது ஒரு குரல்.

"இந்த இடத்துல போட்டா நேரா மாடத்துக்குள்ள அடிக்கும். மேல ஒருத்தங்க ரெண்டு வருஷமா காத்திருந்து உட்கார்ந்திருக்காங்க. நடந்து போனா யாருக்கும் நஷ்டமில்ல."

சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார்கள். மனைவி சிவப்பு டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஃபிளாஸ்க்குகளை ஒருவர் மாற்றி ஒருவராகத் தூக்கினார்கள். கடைசியில் பூனையண்ணன். இரண்டு முறை பாறையில் தோளை இடித்துக்கொண்டார். மூன்றாவது முறை பல் டாக்டர் நின்று, "என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்றார்.

பிடித்துக்கொண்டார்.

"நான் தட்டினதாலயா திருப்பினீங்க?"

"ஆமா சார்."

"இனிமே யாரையும் தட்ட மாட்டேன்" என்றார் டாக்டர். பத்தடி நடந்து, "உங்களுக்கு மேல ஒண்ணுமே தெரியலையா?" என்றார்.

பூனையண்ணன் நின்று அண்ணாந்து பார்த்தார். "நாலு தெரியுது. அஞ்சாவது இருக்கா இல்லையான்னு தெரியல."

"கொட்டிக் கிடக்கு சார்."

"தெரியும் சார். இருக்கிற இடம் எல்லாம் தெரியும்."

முற்றத்தில் குல்லாத் தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "என்னண்ணே, வண்டி எங்க?" விஷயத்தைப் பூனையண்ணன் அங்கேயே சொன்னார். நிர்வாக அதிகாரி போர்வையைப் போர்த்தியபடி அறையிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "காலைல ஒன்பது மணிக்கு ஆபீஸ். ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னார். வந்தவர்கள் வந்த வேலையைப் பார்த்தார்கள். வரிசையில் நின்றார்கள், குனிந்தார்கள், அடடா என்றார்கள். வரிசை முடிந்ததும் குல்லாத் தம்பி பழக்க தோஷத்தில், "பூனையண்ணே, நீங்க ஒரு பார்வை..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. எனக்குத் தெரியாது. வரிசையில இன்னும் யாராவது இருந்தா அவங்களை விடு."

விடிந்ததும் எல்லோரும் நடந்தே இறங்கினார்கள். வெளிச்சத்தில் வேனை மின்சாரப் பணியாளர் நேராக்கி மேலே கொண்டுவந்து நிறுத்தினார்.

ஒன்பது மணிக்கு நிர்வாக அதிகாரியின் அறை. மேசை, மூன்று நாற்காலி, சுவரில் வளைவுகளுக்கு எண் போட்ட சாலை வரைபடம். அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்து, காதிலிருந்து பென்சிலை உருவினார். கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எப்போதிலிருந்து? ஏன் சொல்லவில்லை? பூனையண்ணன் நாற்காலியில் உட்காராமல் நின்றே பதில் சொன்னார். ஏறக்குறைய எல்லாம் உண்மை.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவா."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நிர்வாக அதிகாரி எழுதிக்கொண்டார்.

"இனிமே ராத்திரி வண்டி கிடையாது. அதுல பேச்சுக்கே இடமில்ல. பகல் வண்டி தர்றதா வேண்டாமாங்கிறது இந்தக் கடைசிக் கேள்வியில இருக்கு." பென்சிலால் அந்த வரியைத் தட்டினார். "சக்கரம் விளிம்புக்கு எவ்வளவு தூரத்துல நின்னுச்சு? ஒரு மீட்டருக்கு மேலன்னா நான் இங்கயே முடிச்சுக்கலாம். ஒரு மீட்டருக்கு உள்ளன்னா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும். அவங்க லைசென்ஸையும் எடுப்பாங்க, வீட்டையும் காலி பண்ணச் சொல்லலாம். அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

பூனையண்ணன் ஜன்னலைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் தூரத்து மலையின் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஒன்றரை மீட்டர் இருக்கும், மேடம்."

பென்சில் இறங்கியது. 'ஒன்றரை' என்று எழுதியும் ஆகிவிட்டது.

மனைவி எழுந்து மேசையருகே வந்தாள். தொண்டையில் கையை வைத்துக்கொண்டாள். குரல் கிழிந்த காகிதம்போல் வந்தது. ஆனால் அந்தச் சின்ன அறைக்கு அது போதும்.

"எனக்கும் தெரியும் மேடம், பதினோரு மாசமா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினோம். அப்புறம், ஒன்றரை மீட்டர் இல்ல." வலது கையைப் படிவத்தின் மேல் வைத்து, கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்தாள். "இவ்வளவு. ஒரு சாண். இறங்கிப் பார்த்தது நான்தான்."